நாதஸ்வர வேகத்தில் ஒரு பிக்கப்

1

மன்னார்குடியிலிருந்து என் தங்கை வள்ளி எழுதியிருக்கிறாள். அவள் மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம். பெண்ணின் பெரியம்மா சிங்கப்பூரில் என்ன செய்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். "தையல் வேலை என்று சொல்லிவிட்டேன், சரிதானே அக்கா?" என்று முடித்திருக்கிறாள்.

பாதி சரி. மீதிப் பாதியை வள்ளிக்கு மட்டும் எழுதினால் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவாள். அவளை எனக்குத் தெரியும். அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிக்கப் ஓட்டுகிறேன். ஊரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்னால் இரண்டு பேர் உட்காரக் கதவு வைத்த சின்ன அறை, பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தட்டு. என் கணவர் பழைய வண்டியாக வாங்கியது. வாங்கிய இரண்டாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். எனக்குப் பொட்டு போய் எட்டு வருஷமாகிறது. அப்போது என் மகள் வசந்தாவுக்கு நான்கு வயது. வண்டியை விற்றுவிட்டுக் கப்பலேறு என்று இங்கேயுள்ளவர்களும் சொன்னார்கள், அங்கேயுள்ளவர்களும் எழுதினார்கள். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் பரீட்சையில் மேட்டில் வண்டியைப் பின்னால் உருளவிட்டு, ஒரு வெள்ளைக்காரத் துரையின் வாசல் பூந்தொட்டியை உடைத்தேன். இரண்டாவது தடவை லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

2

காலையில் தேக்கா சந்தையில் வாழையிலைக் கட்டும் காய்கறியும் ஏற்றி, சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுவேன். பிறகு வசந்தாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். மதியத்துக்கு மேல் ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையின் பின்கட்டில் தையல் மிஷினைப் போட்டு மோட்டார் சீட்டுகளுக்கு உறை தைப்பேன். இதுதான் வள்ளி சொன்ன தையல் வேலை.

வசந்தாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன் என்று எழுதினேன், அது முழு உண்மையில்லை. போன வருஷத்திலிருந்து ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்கிறாள்.

"இங்கேயே ஸ்டாப் பண்ணும்மா. நான் நடந்துக்கிறேன்."

"ஏன், வாசல்ல விட்டா வண்டி உள்ள வந்து பாடம் படிக்குமா?"

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்க. சவுண்டு வேற. ரெண்டு தெருவுக்கு முன்னாடியே கேக்குது."

அப்போது வண்டியின் புகைக்குழாய் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. சத்தத்துக்காகத்தான் என்று நானும் நம்ப ஆசைப்பட்டேன். அவள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பெண். என்னிடம் தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பாள். தோழிகளிடம் அவள் பேசும்போது என் பெயர் அடிபடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஒன்றும் பிடிபடாது. கோபம் வரும். அடுத்த நிமிஷம், இவ்வளவு வேகமாக நம் பிள்ளை பேசுகிறாளே என்று பெருமையும் வரும்.

கல்யாண வண்டி யோசனை ஒரு மழையில் வந்தது. இங்கேயும் நம் ஆட்கள் மாப்பிள்ளை அழைப்பை விடுவதில்லை. மேல் திறந்த காரை வாடகைக்குப் பிடித்து, பொழுது சாய்கிற நேரத்தில் நாதஸ்வரம் முன்னால் போக, மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். ஆனால் சிங்கப்பூர் மழைக்கு முகூர்த்தமெல்லாம் தெரியாது. அன்றைக்கு அப்படி ஒரு மாப்பிள்ளை குடைக்குள் குறுகி உட்கார்ந்து, சந்தனம் வழிந்து கழுத்துப்பட்டிக்குள் போக, தும்மிக்கொண்டே போனதைப் பார்த்தேன். என் வண்டிக்குக் கூரை இருக்கிறது. உள்ளே நல்ல வெளிச்சம் போட்டுவிட்டால் மாப்பிள்ளை நனையவும் மாட்டார், எல்லார் கண்ணுக்கும் தெரிவார். பின்தட்டில் சீர்வரிசைத் தட்டுகளை அடுக்கலாம். இதைப் போய்க் காதர் பாயிடம் சொன்னேன்.

3

காதர் பாய் நாகூர்க்காரர். பின்கட்டில் எனக்கு அடுத்த இடத்தில் மோட்டார் வயரிங்கும் பற்றவைப்பும் செய்கிறவர். ஒல்லியான மனுஷர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"முடியும் லா. ஆனா இலைக்கட்டு நாத்தம் போகணும், தங்கச்சி. அதுக்கு நான் வயர் இழுக்க முடியாது," என்றார், இந்த ஊர்ப் பேச்சுக்கு வாலாக ஒட்டும் 'லா'வோடு.

இரண்டு மாதம் வேலை செய்தோம். பழைய சீட்டைப் பிரித்துத் தேங்காய்நாரையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாக அடைத்தேன். மேலே அரக்கு நிற ரெக்சின், நாலு விரல் இடைவெளிக்கு ஒரு பொத்தான் வைத்துப் புடைப்பு மெத்தையாகத் தைத்தேன். கதவுகளின் உட்புறத்துக்கும் அதே ரெக்சின். ஓரத்தில் மெல்லிய பித்தளைப் பட்டி. கூரைக்கு வெள்ளைச் சாட்டினை மடிப்பு மடிப்பாகப் பிடித்து, நடுவில் குவித்து, பந்தலின் மேற்கட்டி மாதிரி கட்டினேன். ஊசி குத்தாத விரல் இல்லை. அந்தக் கூரையை மல்லாந்து படுத்துக்கொண்டு தைத்து முடித்த அன்று, படுத்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்ததிலேயே அழகான பொருள் அதுதான்.

மடிப்புகளுக்குப் பின்னால் காதர் பாய் இருபத்துநாலு சின்ன பல்புகளை மறைத்து வைத்தார். பல்பு தெரியக்கூடாது, வெளிச்சம் மட்டும் முகத்தில் விழ வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வெறும் பல்பு மூக்கு நிழலை வாய்மேல் போட்டு, எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளையையும் திருட்டு முழி முழிக்க வைத்துவிடும். புகைக்குழாய்க்கும் வழி செய்தோம். வண்டிக்குப் பின்னால் பெண்கள் தட்டேந்தி வருவார்கள், அவர்கள் முகத்தில் புகை அடிக்கக்கூடாது. ஆகவே குழாயை அறைக்குப் பின்பக்கமாக மேலே ஏற்றி, கூரைக்கு மேல் வாய் திறக்கும்படி பற்றவைத்தார். கை பட்டால் சுடாதிருக்கக் கல்நார்க் கயிறு சுற்றினார். நல்ல பெரிய சைலன்சர் ஒன்றையும் மாட்டினார். என் வண்டி முதல் தடவையாக மரியாதையாகப் பேசியது.

மாற்றம் செய்த வண்டியைச் சர்க்கார் ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். படிவத்தை வசந்தாதான் நிரப்பினாள்.

"ரீஸன் ஃபார் ஆல்டரேஷன்னு கேட்டிருக்கு. மாத்துறதுக்குக் காரணம் என்னம்மா எழுத?"

"கல்யாணம்னு எழுது."

"அப்படி எழுதினா உனக்குக் கல்யாணம்னு நினைப்பாங்க!" என்று சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவள் படிவத்தின்மேல் குனிந்து அடுத்த கேள்வியைப் படித்தாள்.

ஆய்வு செய்தவர் ஒரு சீனர். எனக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. சந்தையில் பழகிய மலாய்தான் இருவருக்கும் பாலம். முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் தெரியக்கூடாது என்று சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் காதர் பாய் ஆசையாக வைத்த சிவப்பு பல்பைக் கழற்றச் சொன்னார். ஒரு முஸ்லிம் வைத்த பல்பை ஒரு சீனர் கழற்றச் சொல்ல, முருகன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் சரி. போகுமுன் அவர் சீட்டை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். "சியாப்பா பூவாட்?" என்றார். யார் செய்தது என்று கேட்கிறார். "சாயா" என்றேன். நான்தான். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

4

முதல் கல்யாணம் செம்பவாங் கடற்படைத் தளத்தில் மேஸ்திரியாக இருக்கும் சின்னையாவின் மகள் கல்யாணம். மாப்பிள்ளை பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர்க்காரர். வண்டியைப் பார்க்கச் சின்னையாவும் அவர் மனைவி தெய்வானையும் வந்தார்கள். தெய்வானையம்மா நல்ல உயரம், வாய் நிறைய வெற்றிலை. உள்ளே ஏறி உட்கார்ந்து விளக்கைப் போடச் சொன்னார். கூரையை அண்ணாந்து பார்த்தார். வளையலைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அடியம்மா! இதைத் தைச்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும். யாரு தைச்சா?"

"நான்தாங்க."

அப்போதுதான் அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். பார்வை நெற்றியில் வந்து நின்றது. மெதுவாக இறங்கி, புடவையை உதறிக்கொண்டார். சின்னையா தொண்டையைச் செருமிவிட்டுச் சக்கரத்தைப் பார்க்கப் போய்விட்டார். ஆண்களுக்கு எப்போதும் பார்க்க ஒரு சக்கரம் கிடைத்துவிடும்.

"தப்பா எடுத்துக்காதம்மா," என்றார் தெய்வானையம்மா. குரல் தாழ்ந்துதான் இருந்தது. "தைச்சது யாருன்னு யாரும் கேக்கப்போறதில்ல. வண்டியும் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு மட்டும் நீ மாப்பிள்ளை கண்ணுல படாம இருந்துக்க. காதர் பாயே ஓட்டட்டும்."

"சரிங்க" என்றேன். அந்தச் 'சரிங்க'வுக்காக என்மேல் எனக்கு வந்த கோபம் இரண்டு நாள் தீரவில்லை. ஊரில் எங்கள் அத்தை ஒருத்தி இருந்தாள். கல்யாணத்துக்குக் கல்யாணம் அவள்தான் பட்சணம் சுடுவாள். ஊர்வலம் கிளம்பும்போது மட்டும் மாட்டுக்கொட்டகைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் சுட்ட அதிரசத்தை எல்லாரும் தின்றார்கள். கை ஆகும், முகம் ஆகாது. கடல் தாண்டி வந்தும், லைசென்ஸ் வாங்கியும், நானும் அதே கதவுக்குப் பின்னால் போக ஒப்புக்கொண்டுவிட்டேனே என்று உள்ளே எரிந்தது.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இந்த ஒரு ஊர்வலம் நன்றாகப் போனால் ஊரெல்லாம் இந்த வண்டியைக் கேட்கும். இது கெட்டால், கைராசி இல்லாதவள் என்ற பெயர் கல்யாண வண்டியோடு நிற்காது. சீட்டுத் தைக்கவும் யாரும் வரமாட்டார்கள்.

5

ஊர்வல நாளன்று லேசான தூறல். எனக்குச் சந்தோஷம், என் கூரைக்கு அதுதானே வேலை. ஜாலான் புசாரில் மாப்பிள்ளை தங்கியிருந்த சின்ன ஓட்டலிலிருந்து சிராங்கூன் ரோட்டுக் கோயில் வரை போக வேண்டும். முன்னால் நாதஸ்வரமும் தவிலும் தார்ப்பாய்க்குக் கீழே நடந்தன. அடுத்து வண்டி. காதர் பாய் கோட்டும் தொப்பியுமாக ஓட்ட, இடப்பக்கம் மாப்பிள்ளை. பின்னால் பெண்கள் குடைகளோடு வந்தார்கள். தெய்வானையம்மா ஆரத்தி கரைக்க முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட்டார்.

நான் வசந்தாவோடு அஞ்சடியில் போனேன். கடைகளுக்கு முன்னால் தொடர்ந்து ஓடும் மூடுநடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பது, வண்டி கடந்ததும் அடுத்த தூணுக்கு ஓடுவது. விளக்கு எரிந்த அழகைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. இருட்டத் தொடங்கிய தெருவில் அந்தச் சின்ன அறை மட்டும் பால் வெள்ளையாக நின்றது. மாப்பிள்ளையின் சந்தனப் பொட்டும் மீசையில் இருந்த வியர்வையும்கூடத் தெரிந்தன. மாடி ஜன்னல்களிலிருந்து சீனப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். நான் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

முதல் முச்சந்தியில் நாதஸ்வரக்காரர் நின்று ஒரு ராகத்தை எடுத்தார். நம் வழக்கம்தானே, சந்திக்குச் சந்தி நின்று வாசிக்காவிட்டால் ஊர்வலமா? அவர் நிதானமாக விரித்துக்கொண்டே போனார். காதர் பாய் கொஞ்சம் என்ஜினை முறுக்கினதும் திரும்பி முறைத்தார். காதர் பாய் பயந்து அடக்கிக்கொண்டார். இரண்டாவது சந்தியில் இன்னொரு ராகம். அப்போது பார்த்தேன், வெள்ளை வெளிச்சம் எலுமிச்சை நிறமாகியிருந்தது. ஒரு கடை நகர்ந்ததும் மஞ்சளாகி, அடுத்த கடையில் அடுப்புத் தணல் நிறத்துக்கு வந்துவிட்டது.

நாங்கள் விளக்கைச் சோதித்ததெல்லாம் தீவின் வடகோடியில் உட்லண்ட்ஸ் வரை வேகமாக ஓட்டித்தான். என்ஜின் வேகமாக ஓடினால்தான் டைனமோ மின்சாரம் கொடுக்கும். நின்றும் தவழ்ந்தும் போனால் இருபத்துநாலு பல்பும் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். இரண்டு மாதம் சாட்டினையும் சைலன்சரையும் பார்த்துப் பார்த்துச் செய்த இரண்டு தமிழர்களுக்கு, வண்டி நாதஸ்வர வேகத்தில் போகப்போகிறது என்பது மட்டும் தோன்றவில்லை.

மூன்றாவது சந்தியில் என்ஜினும் நின்றது. அறை இருண்டது. பின்னால் பெண்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. "மாப்பிள்ளை வண்டி பாதி வழியில நிக்கலாமா?" என்றது ஒரு குரல். இன்னொரு குரல் கேட்டது: "இந்தச் சீட்டைத் தைச்சது யாருடி?"

ஆட்கள் தள்ளினார்கள். என்ஜின் உயிர் பெற்றதும் காதர் பாய் கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்தது, மாப்பிள்ளையின் தலைப்பாகை கூரையில் இடித்தது, மறுபடி நின்றுவிட்டது. இன்னொரு தடவையும் அதே கதை. அந்தக் கிளட்ச் ஒரு பிசாசு. எட்டு வருஷமாக என் காலுக்கு மட்டும்தான் கட்டுப்படும். காதர் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தூண் தூணாகத் தேடினார். இந்தத் தடவை அவர் தேடியது என்னை.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வசந்தா என் கைப்பையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"போம்மா! உன் வண்டிம்மா அது. வேற யாருக்கு ஓட்டத் தெரியும்?"

போனேன். கதவைத் திறந்து காதர் பாயை இறங்கச் சொல்லிவிட்டு ஏறினேன். இறங்கினவர் நேரே பின்னால் போய் வண்டியைத் தள்ளத் தோள் கொடுத்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நல்ல பிள்ளை. "இருட்டு பரவாயில்லக்கா. பசிதான் தாங்கல லா" என்றார்.

விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளச் சொன்னேன். என்ஜின் பிடித்ததும் காலால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தவில்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நீங்க வெளுத்து வாங்குங்க. உங்க தவில் ஓடுறப்பதான் நான் முறுக்க முடியும். நாதஸ்வரம் தனியா வாசிக்கிறப்ப அடக்கிக்கிறேன்."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வாசிக்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு சீக்கிரம் புரியும். தவில் பொரியும்போது நான் ஆக்சிலேட்டரை அமுக்கினேன். புதுச் சைலன்சர் மீதிச் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. நாதஸ்வரம் தனித்து எழும்போது காலைத் தளர்த்தினேன். கொஞ்ச நேரம் இருட்டிலேயே போய், பேட்டரிக்கு உயிர் வந்ததும் விளக்கைப் போட்டேன். இருபத்துநாலு பல்பும் வெள்ளையாக எரிந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த முகமும் நிழல் விழாமல் தெரிய வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்து மறைத்து வைக்கச் சொன்ன பல்புகள். அவற்றுக்கு மாப்பிள்ளை முகம், இந்தக் கமலத்தின் முகம் என்று வித்தியாசம் தெரியுமா? அஞ்சடியில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கால் அதைக் கவனிக்கவில்லை. அது தவிலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். தெய்வானையம்மா ஆரத்தித் தட்டோடு மாப்பிள்ளைப் பக்கம் வந்தார். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தட்டில் சிவப்பு நீர் தளும்பியது. வெற்றிலைமேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"நீயா? இறங்கும்மா நீ. ஆரத்தி எடுக்கணும்."

"இறங்க மாட்டேங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "காலை எடுத்தா வண்டி நின்னுடும். விளக்கும் போயிடும். மாப்பிள்ளைக்கு இருட்டுல ஆரத்தி எடுக்கிறதுன்னா சொல்லுங்க, இறங்கிடறேன்."

சின்னையா சக்கரத்தைப் பார்த்தார். கற்பூரம் பாதி கரைந்துவிட்டது. அணைந்தால் அது இன்னும் கெட்டது என்று தெய்வானையம்மாவுக்குத் தெரியும். "தவில், வாசிங்கப்பா" என்று யாரையும் பார்க்காமல் அதட்டினார். தவில் பொரிந்தது. நான் ஆக்சிலேட்டரை அமுக்கினேன். விளக்கு பளீரென்றது.

அவர் தட்டைத் தூக்கிச் சுற்றினார். மாப்பிள்ளைக்குத்தான் சுற்றினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது இரண்டே பேர் உட்காரும் சின்ன அறை. தள்ளி உட்கார இடமில்லை. மூன்று சுற்றிலும் தட்டு மாப்பிள்ளை முகத்தைத் தாண்டி என் பக்கம் வந்து திரும்பியது. எட்டு வருஷத்துக்குப் பிறகு ஆரத்திக் கற்பூரத்தின் சூடு என் முகத்தில் பட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.